பரிசுக்குச் செலவழித்த பணம் எங்கே போய்ச் சேருகிறது?

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. பெட்டியே பிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைப் பெட்டிகள், ஒரு புகைப்படச் சட்டம், விலைச்சீட்டைச் சுரண்டிய தடம் மறையாத ஒரு மேசை விளக்கு. எல்லாம் பரிசாக வந்தவை. யாரோ ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கி, ‘இது போதுமா, குறைச்சலாகத் தெரியுமோ’ என்று கவலைப்பட்டு, நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து வாங்கியிருப்பார். அவர் பணம் போய்விட்டது. என் வீட்டுக்கு வந்தது ஒரு தட்டு நிறையப் பெட்டிகள். நானும் இன்னொருவர் வீட்டு மேல்தட்டை இப்படித்தான் நிரப்பி வைத்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறந்தநாள், பண்டிகைப் பரிசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் மனம் தள்ளுபடிக் கடையை நோக்கித்தான் ஓடும். எங்கே மலிவு, எப்போது மலிவு? அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு. பரிசுக்காக நாம் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு, பெறுகிறவர் கண்ணிலாவது படுகிறது? படாமலே போகிற பங்கைத் தேடிப் பிடித்து வெட்டினால் அவருக்கு ஒன்றும் குறையாது, நமக்கு மிச்சம். பரிசைச் சுருக்குவதும் அதன் செலவைச் சுருக்குவதும் ஒன்றல்ல என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஒரு பொருளாதார அறிஞர் பார்த்தே விட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோயல் வால்ட்ஃபோகல், கிறிஸ்துமஸ் பரிசு பெற்ற மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உனக்கு வந்த பரிசுகளுக்குக் கொடுத்தவர்கள் என்ன விலை தந்திருப்பார்கள்? அதே பொருள்களை நீயே வாங்குவதானால் அதிகபட்சம் எவ்வளவு தருவாய்? பாசத்தின் மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் எடைபோடச் சொன்னார். 1993இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை காற்றோடு போகிறது. 100 கொடுத்து வாங்கிய பொருளைப் பெறுகிறவர் 90 என்றோ 67 என்றோதான் மதிக்கிறார். நெருங்கிய நண்பர், துணைவர் கொடுத்ததில் இழப்பு குறைவு. தூரத்து உறவினர் வாங்கித் தந்த பொருள்களில்தான் அதிகம். ஆளைத் தெரியாமல் பொருளைத் தேடினால் வேறென்ன நடக்கும்?

இந்தக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1996இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் வேறு ஆட்களிடம், பாச மதிப்பை ஒதுக்காமல் கேட்டுப் பார்த்தார்கள். பல பரிசுகளுக்குக் கொடுத்த விலையைவிடக் கூடுதல் மதிப்பு இருப்பதாகப் பதில் வந்தது. இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது: பரிசில் பொருளின் மதிப்பு விலையைவிடக் குறைவாகவும், நினைத்துக் கொடுத்ததன் மதிப்பு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். நாம் பணத்தைக் கொட்டுவதோ முதலாவதில்.

சரி, பரிசே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? முடியாது. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் எழுதிய நீண்ட கட்டுரையில், பல சமூகங்களில் பரிசு என்பது மூன்று கடமைகள் சேர்ந்தது என்று காட்டினார்: கொடுக்க வேண்டும், மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். மூன்றில் எதை விட்டாலும் உறவில் விரிசல். இன்றைக்கும் இது மாறவில்லை. செலவு ஏறிக்கொண்டே போவதற்குக் காரணமும் இந்த மூன்றாவது கடமைதான். அவர் போன முறை செய்ததைவிட நான் குறைத்துச் செய்யக் கூடாது. என்னைவிட அவர் குறைத்துச் செய்ய மாட்டார். இரண்டு பேருக்கும் ஏற ஒரு படி இருக்கிறது, இறங்கத்தான் படியில்லை.

கடையில் நிற்கிறவர் பார்ப்பதும் பெட்டியைப் பிரிக்கிறவர் பார்ப்பதும்

விலை கூடினால் பெறுகிறவருக்கு மகிழ்ச்சியும் கூடுமா? கூடும் என்றுதான் கொடுக்கிறவர்கள் எல்லோரும் நம்புகிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009இல் இதைச் சோதித்தார்கள். திருமணம் நிச்சயமான ஜோடிகளிடம் மோதிரத்தைப் பற்றிக் கேட்டார்கள். விலை கூடிய மோதிரத்தைப் பெண் அதிகம் பாராட்டுவாள் என்று ஆண்கள் நினைத்தார்கள். பெண்களின் பதிலிலோ விலைக்கும் பாராட்டுக்கும் தொடர்பே இல்லை. பிறந்தநாள் பரிசுகளைப் பற்றிக் கேட்டபோதும் இதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், நாம் எல்லோருமே ஒரு நாள் கொடுக்கிறவர், மறுநாள் பெறுகிறவர். பெற்றபோது விலையைப் பார்க்காத நாமே, கொடுக்கப் போகும்போது மறந்துவிடுகிறோம்.

ஏன் இந்த மறதி? நிற்கிற இடம் வேறு என்பதால். கடையில் நிற்கும்போது ஒரே தட்டில் வரிசையாகப் பத்துப் பொருள் இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் விலை. ஆறாவதைவிட ஏழாவது கொஞ்சம் பெரிது, கொஞ்சம் பளபளப்பு. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று கை ஏழாவதை எடுக்கிறது. பெறுகிறவர் வீட்டில் அந்த வரிசை இல்லை. அவர் கையில் இருப்பது ஒரே ஒரு பொருள். ஆறாவதா ஏழாவதா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நாம் கொடுத்த அந்தக் ‘கொஞ்சம்’ கடையோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் பெறுகிறவர் எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்? அந்த வகைப் பொருளோடுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஷீ 1998இல் செய்த ஒரு சோதனை இதைப் பளிச்சென்று காட்டுகிறது. நீங்கள் வெளிநாடு கிளம்புகிறீர்கள், நண்பர் ஒருவர் பிரிவுப் பரிசு தருகிறார் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழுவிடம், பரிசு 55 டாலர் விலையுள்ள ஒரு கம்பளிக் கோட்டு. அந்தக் கடையில் கோட்டுகள் 50 முதல் 500 டாலர்வரை என்றார்கள். இன்னொரு குழுவிடம், பரிசு 45 டாலர் கம்பளிக் கழுத்துத்துண்டு. கழுத்துத்துண்டுகள் 5 முதல் 50 டாலர்வரை என்றார்கள். யாருடைய நண்பர் தாராள மனசுக்காரர்? கழுத்துத்துண்டு கொடுத்தவர்தான் என்று வந்தது முடிவு. 10 டாலர் குறைத்துச் செலவழித்தவருக்குத்தான் நல்ல பெயர். கோட்டுக்காரர் கோட்டுகளிலேயே மலிவானதைக் கொடுத்தார். துண்டுக்காரர் துண்டுகளிலேயே உயர்ந்ததைக் கொடுத்தார்.

பரிசுச் செலவைப் பற்றி இதைவிடப் பயனுள்ள ஓர் ஆய்வை நான் படித்ததில்லை. பெரிய வகையில் கடைசிச் சரக்கு வாங்காதீர்கள். சின்ன வகையில் முதல் சரக்கு வாங்குங்கள். மட்டமான கைப்பையைவிட அருமையான பேனா. சுமாரான ஹெட்போனைவிட, அவர் தினமும் கையில் எடுக்கிற ஒரு நல்ல கத்தரிக்கோல், ஒரு நல்ல குடை, உயர்தரத் துண்டு. நல்ல கத்தரிக்கோலைத் தனக்காக யாரும் வாங்கிக்கொள்வதில்லை. இருக்கிறதை வைத்தே ஓட்டிவிடுவார்கள். அங்கேதான் பரிசுக்கு இடம் இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பு, கூடவே சின்னதாக எதையாவது போட்டுக் கொடுப்பது. நல்ல பரிசு ஒன்றை வாங்கிவிட்டு, பெட்டி காலியாகத் தெரிகிறதே என்று ஒரு சாவிக்கொத்து, ஒரு பொம்மை, ஒரு மிட்டாய்ப் பொட்டலம் சேர்ப்போம். கிம்பர்லி வீவர், ஸ்டீபன் கார்சியா, நார்பர்ட் ஷ்வார்ஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பழக்கம் பரிசின் மதிப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. கொடுக்கிறவர் கூட்டல் போடுகிறார்: பெரியது ஒன்று, சின்னது ஒன்று, மொத்தம் அதிகம். பெறுகிறவர் சராசரி போடுகிறார். நல்லதோடு சேர்ந்த அற்பப் பொருள் நல்லதையும் கீழே இழுக்கிறது. ஆக, அந்தச் சாவிக்கொத்துக்குக் கொடுத்த காசு வீண் மட்டுமல்ல; காசு கொடுத்து நம் பரிசை நாமே மட்டம் தட்டியிருக்கிறோம்.

பொதியும் காகிதத்துக்கும் இந்தக் கதை உண்டு. ஜெசிகா ரிக்சம் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நண்பர் மடிப்புக் கலையாமல் அழகாகப் பொதிந்து கொடுத்தால் எதிர்பார்ப்பு ஏறிவிடுகிறது, உள்ளே இருப்பது அதற்கு ஈடுகொடுக்காமல் போகிறது என்று தெரியவந்தது. கோணல்மாணலாகப் பொதிந்ததற்குள் இருந்த பொருளையே அதிகம் விரும்பினார்கள். அதிகம் பழக்கமில்லாதவருக்கு என்றால் மட்டும் இது தலைகீழ். அங்கே ஒழுங்கான பொதியல் மரியாதையாக நிற்கிறது. பொதிவதற்குக் கூலி கொடுப்பவர்கள் இதை யோசிக்கலாம். என் கைக்கு எதையும் நேராக மடிக்க வராது என்பதால் எனக்கு இந்த முடிவில் கொஞ்சம் ஒருபக்கச் சார்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அந்த ஒரு நிமிடம். ஜெஃப் கேலக், ஜூலியன் கிவி, எலனர் வில்லியம்ஸ் 2016இல் இந்தத் துறையின் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு விளக்கம் தந்தார்கள். கொடுக்கிறவர் மனத்தில் ஓடுவது பெட்டியைப் பிரிக்கும் அந்த நொடி: முகம் மலர்கிறதா, சுற்றியிருப்பவர்கள் ‘அடேயப்பா’ என்கிறார்களா. பெறுகிறவருக்கு முக்கியம் அதற்கப்புறம் வரும் மாதங்கள். அந்த நொடிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம்தான் பின்னால் மேல்தட்டில் ஏறிக்கொள்கிறது. எர்னஸ்ட் பாஸ்கினும் கூட்டாளிகளும் 2014இல் உணவகப் பரிசு அட்டைகளை (முன்பே பணம் கட்டி வாங்கி, அந்த உணவகத்தில் செலவழிக்கக் கொடுக்கும் அட்டைகள்) வைத்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது: கொடுப்பவர்கள் தூரத்தில் இருந்தாலும் பேர்பெற்ற உணவகத்தைத் தேர்ந்தார்கள், பெறுபவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சாதாரண உணவகமே பிடித்திருந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்க நமக்குக் கூச்சம். கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே, நெருக்கம் இவ்வளவுதானா என்று நினைப்பார்களே என்ற பயம். நெருக்கம் கூடக்கூடத் தப்பும் கூடுகிறது என்பதுதான் விந்தை. மார்கன் வார்டு, சூசன் பிரோனியார்சிக் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெறுபவர் தனக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்த பிறகும், நெருங்கிய நண்பர்கள்தான் பட்டியலை விட்டு விலகி, ‘அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா’ என்று வேறு எதையோ வாங்கினார்கள். தூரத்து நண்பர்கள் பட்டியலில் இருந்ததையே வாங்கிவிட்டுப் போனார்கள்.

தள்ளுபடி, அட்டை, கடன்

இப்போது கடைக்கு வருவோம்.

100க்கு விற்ற பொருளின் விலையை 25 சதவீதம் ஏற்றினால் 125. அதன் மேல் ‘20 சதவீதத் தள்ளுபடி’ என்று பலகை மாட்டினால் மறுபடி 100. யாருக்கும் ஒரு காசு குறையவில்லை. வாங்குகிறவர் மட்டும் 25 மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இது நடக்கும் என்று தெரிந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. 2022 மே 28 முதல் அங்கே தள்ளுபடி அறிவிக்கும் வணிகர், அதற்கு முந்தைய 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். இப்படி விதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள் அந்த 30 நாள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளலாம். வாங்க நினைக்கும் நாலைந்து பொருளின் விலையை, பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே திரையில் படம் பிடித்து வைத்தால் போதும். விற்பனைத் திருவிழா வரும்போது அடித்துக் காட்டிய விலை நிஜமா, நாடகமா என்று பத்து நொடியில் தெரிந்துவிடும்.

தள்ளுபடி நாள்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தேவை தெரிந்து பட்டியலோடு போகிறவருக்கு அவை லாபம்தான். பட்டியல் இல்லாமல் போகிறவர் யாருக்கு என்றே தெரியாமல் ‘யாருக்காவது ஆகும்’ என்று வாங்கி வருவார். ‘யாருக்காவது ஆகும்’ என்ற பொருள் கடைசியில் யாருக்கும் ஆவதில்லை. முன்கூட்டியே வாங்குவதிலும் ஒரு பள்ளம் உண்டு. மூன்று மாதம் முன்னால் வாங்கி உள்ளே வைத்தது, நாள் நெருங்கும்போது கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். கூட இன்னொன்று வாங்குவோம். நானே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். முன்கூட்டியே வாங்கினால் அன்றைக்கே பொதிந்து, பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். கண்ணில் படாத பொருள் சுருங்காது.

இணையக் கடையில் இன்னொரு வலை, ‘இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் அனுப்பும் செலவு இலவசம்’ என்பது. அனுப்பும் செலவைக் கொடுத்துவிடுவதே பல நேரம் மலிவு. கடைசி நேரத்தில் அவசரமாக அனுப்பச் சொல்லி இரட்டிப்புக் கட்டணம் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பரிசு அட்டை பார்க்கப் பணம் போலவே இருக்கும், பணம் அல்ல. ரொக்கத்தைக் கொடுத்தால் முழுதும் செலவாகும். அட்டையில் சில்லறை மீதி தங்கும், தொலையும், காலாவதியாகும். செலவாகாமல் கிடக்கும் அட்டைத் தொகையில், இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று கணிக்கப்படும் பங்கை நிறுவனங்கள் வருமானமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கணக்கியல் விதிகளே வழிசெய்கின்றன. அமெரிக்காவில் 2009இல் வந்த ஒரு சட்டம், இத்தகைய அட்டைகள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது செல்ல வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அட்டைதான் கொடுப்பேன் என்றால், அவர் எப்படியும் போகிற கடைக்கு, முழுதாகச் செலவாகக்கூடிய தொகைக்குக் கொடுங்கள். ரொக்கம் கொடுப்பது முறையல்ல என்ற கூச்சத்துக்கு நாம் கட்டுகிற வரிதான் அட்டை.

எதில் செலுத்துகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகத் தர வேண்டும், பாதிப் பேர் கடன் அட்டையில் தரலாம். அட்டைக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரிசு வாங்கும்போது இது இன்னும் மோசமாகும். அங்கே ஏற்கெனவே ‘கஞ்சத்தனமாகத் தெரியக் கூடாது’ என்ற பயம் நம்மைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்புறம் வட்டி. மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். திருப்பிக் கட்டாத 100, கூட்டு வட்டியில் ஒரே ஆண்டில் 142ஐத் தாண்டிவிடும். அடுத்த பிறந்தநாள் வந்துவிடும், போன பிறந்தநாள் பொம்மை உடைந்திருக்கும், கடன் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும்.

இதற்கு மாற்று, பழைய முறைதான். ஓராண்டில் யார் யாருக்குச் செய்ய வேண்டும் என்று எழுதி, மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியே ஒதுக்குவது. பிறந்தநாளும் பண்டிகையும் திடீரென்று வருவதில்லை. தேதி முன்பே தெரிந்த செலவை அவசரச் செலவாக நடத்துவது நம் பழக்கம். 1909இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற ஊரில் ஒரு வங்கி, கிறிஸ்துமஸ் செலவுக்காக மட்டும் வாராவாரம் சிறு தொகை கட்டும் கணக்கைத் தொடங்கியது. அதைப் பார்த்து நாடு முழுக்க வங்கிகள் இறங்கின. இந்தக் கணக்குகளில் வட்டி குறைவு அல்லது இல்லவே இல்லை, நடுவில் எடுத்தால் அபராதம் வேறு. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் மக்கள் சேர்ந்தார்கள், ஏனென்றால் அவர்கள் வாங்கியது வட்டியை அல்ல. தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளும் ஒரு கயிற்றை.

கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற நிறுவனம் ஆண்டு முழுக்க மக்களிடம் தவணை வாங்கி, பண்டிகைக் காலத்தில் பொருள்களும் கடைச் சீட்டுகளும் தருவதாகச் சொல்லி நடந்துவந்தது. 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டே மாதம் இருக்கும்போது திவாலானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பங்கள், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். விற்கிறவரிடமே சேமிப்பது ஆபத்து. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஒரு தனிப் பகுதி, அல்லது மேசை இழுப்பறையில் ஓர் உறை, அது போதும்.

எண்ணிக்கையைக் குறைப்பது

ஒரு குடும்பத்தில் பத்துப் பேர். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் பரிசு தந்தால் மொத்தம் 90 பரிசுகள். பெயர்ச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் 10. ஒன்பது பரிசுக்கு வைத்திருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒன்றுக்குச் செலவழித்தாலும் முன்பைவிட மூன்று மடங்கு நல்ல பரிசு வரும். மீதி இரண்டு பங்கு சட்டைப்பையில். எந்தத் தள்ளுபடியும் இவ்வளவு தராது.

சீட்டுக் குலுக்குவதில் ஒரு சின்னக் கணித வேடிக்கை. பத்துப் பேர் சீட்டு எடுக்கும்போது யாருக்கும் தன் பெயரே வராமல் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம்தான். மூன்று முறையில் இரண்டு முறை யாராவது ஒருவர் ‘ஐயையோ, எனக்கே வந்துவிட்டது’ என்பார். மறுபடி குலுக்க வேண்டும். ஆள் எண்ணிக்கை இருபதானாலும் நூறானாலும் இந்த விகிதம் மாறுவதே இல்லை. சுலபமான வழி, சீட்டுகளைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் தனக்கு வலப்பக்கத்துப் பெயருக்கு என்று வைத்துக்கொள்வது. ஒரே முறையில் முடிந்தது.

இதையெல்லாம் யார் முதலில் பேசுவது? அதுதான் உண்மையான சிக்கல். பேசினால் கஞ்சன் என்ற பெயர் வரும் என்று எல்லோரும் பயந்துகொண்டு, எல்லோரும் செலவழித்துக்கொண்டிருப்போம். என் அனுபவத்தில், பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் இதைப் பேசக் கூடாது. அதற்குள் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள், அவர்களுக்குச் சங்கடம். பண்டிகை முடிந்த வாரம்தான் சரியான நேரம். பணப்பை காலியாக இருக்கும், பெட்டிகள் கூடத்தில் கிடக்கும். அப்போது ‘அக்கா, அடுத்த தடவை பெரியவர்களுக்குள்ளே சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாமா? குழந்தைகளுக்கு மட்டும் எப்போதும்போலச் செய்யலாம்’ என்றால், எதிர்ப்பு வராது. ஒரு பெருமூச்சுதான் வரும். வயதிலும் வருமானத்திலும் கூடியவர் வாயிலிருந்து இது வந்தால் இன்னும் நல்லது. இல்லாதவர் சொன்னால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். இருக்கிறவர் சொன்னால் விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும்.

குழந்தைகளுக்கும் எண்ணிக்கை குறைந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நாலே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். குழந்தையின் பிறந்தநாளுக்கு நாலு சித்தப்பா, மாமாக்கள் சேர்ந்து ஒரே சைக்கிள் வாங்கித் தருவது இதனால்தான் எனக்குப் பிடித்த யோசனை. ஆளுக்குப் பங்கு குறைவு, குழந்தைக்கு நினைவில் நிற்கும் பொருள். பெயர் யாருக்கு என்ற போட்டி மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கையால் செய்து கொடுப்பது மலிவு என்று பலரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. ஏற்கெனவே தையலோ மரவேலையோ தெரிந்தவருக்கு மலிவு. பரிசுக்காகவே கற்றுக்கொள்ளப் புறப்படுகிறவர் கருவிகளும் நூல் கண்டுகளும் வாங்கியே கடை விலையைத் தாண்டிவிடுவார். செய்தது சரியாக வராமல் கடைசி நாளில் கடைக்கும் ஓடுவார். அதைவிட, தெரிந்த வேலையையே பரிசாக்கலாம்: ஒரு நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்தித் தருவது. பொருளைவிட அனுபவத்தைப் பரிசாகப் பெற்றவர்களுக்குக் கொடுத்தவரோடு நெருக்கம் கூடுகிறது என்று சிண்டி சான், கேசி மொகில்னர் 2017இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது. கொடுத்தவர் கூட இல்லாவிட்டாலும்கூட.

நாள் தள்ளிப்போவது பற்றி நமக்கு இருக்கும் பயமும் மிகை. பரிசு தாமதமானால் உறவு கெடும் என்று கொடுப்பவர்கள் நினைக்கும் அளவுக்குப் பெறுபவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று அண்மைய ஆய்வு ஒன்று காட்டுகிறது. பண்டிகை முடிந்த மறுநாள் விலை விழும் பொருள்களுக்கு இது நல்ல செய்தி. சின்னக் குழந்தைகளிடம் மட்டும் இதை முயன்று பார்க்காதீர்கள்.

கடைசியாக, வந்த பரிசை இன்னொருவருக்குக் கொடுப்பது. கேப்ரியல் ஆடம்ஸ், பிரான்சிஸ் ஃபிளின், மைக்கேல் நார்ட்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதைச் செய்கிறவர் எவ்வளவு குற்ற உணர்ச்சியோடு செய்கிறாரோ அவ்வளவு வருத்தம் முதலில் கொடுத்தவருக்கு இல்லை. கொடுத்தாகிவிட்டது, இனி அது உன் பொருள் என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நமக்குப் பயன்படாத நல்ல பொருள் இன்னொருவர் கையில் பயன்படும் என்றால், முன்பு சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கு இழப்பில் கொஞ்சமாவது மீண்டுவருகிறது. செய்ய வேண்டியது இரண்டே வேலை. பெட்டிக்குள் வாழ்த்து அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. பரிசு வந்த அன்றைக்கே யார் கொடுத்தார், எந்த ஆண்டு என்று பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதி வைப்பது.

இரண்டாவதை நாங்கள் செய்யவில்லை. அந்தச் சுவர்க் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். போன மாதம்கூட ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு எடுத்துப்போகலாம் என்று இறக்கித் துடைத்தோம். யார் கொடுத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. அழைத்தவர்களே கொடுத்ததாக இருந்துவிட்டால்? மறுபடி மேலே ஏற்றிவிட்டோம்.